ஏழாவது வளையம்

திங்கள்

இன்று எங்கள் கெர்னல் கடலுக்குப் போனது.

"எங்கள்" என்று எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். எழுதலாம். கணினியின் எல்லா வேலைகளையும் நடத்தும் அடிப்படை நிரல்; மாலை வகுப்பில் பதினோரு பேர் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியது அது. ஆளுக்கொரு பகுதி. வேலைக்கு நடுவே வரும் குறுக்கீடுகளைக் கவனிக்கும் பகுதி என்னுடையது. அதை அழித்து அழித்து எழுதினேன். இன்னொரு முறையும் அழித்திருப்பேன், கூடப் படிக்கும் ஜெரால்டு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் மற்றவர்களுடையதோடு சேர்த்துவிட்டான்.

பிற்பாடு படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன். இப்போது சங்கு குளிப்பவர்கள் யாரும் மூச்சை அடக்குவதில்லை. முதுகில் செவுள் உடை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். தாள் போன்ற மெல்லிய செவுள்கள் கடல்நீரிலிருந்தே காற்றைப் பிரித்துக் கொடுக்கின்றன. காலையில் இறங்கினால் பிற்பகல்வரை கடலடிப் பாரிலேயே நடந்து சங்கு பொறுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் செவுளை எவ்வளவு திறப்பது என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு உடைக்குள் அடங்காது. தாய்ப்படகில் இருக்கும் பெட்டிதான் எட்டுக் குளியாளிகளுக்கும் சேர்த்துப் போடுகிறது. தண்ணீருக்குள் ரேடியோ எடுக்காது என்பதால் எல்லாம் ஒலியாகவே போய் வருகிறது.

இதுவரை வெளியூரில் செய்த பெட்டி. அதற்குள் என்ன ஓடுகிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது. கெட்டுப்போனால் ஆள் வரும்வரை படகு கரையில் கிடக்கும். இன்று முதல் உள்ளே ஓடுவது தூத்துக்குடியில் எழுதியது. கூட்டுறவுச் சங்கத்தார் பெட்டிமேல் மாலை போட்டார்கள். போட்டோ எடுக்கும்போது நான் ஓரமாக நின்றேன். பாதி முகம்தான் விழுந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் இன்று நடந்தது. நான் கயிறு பிடித்தேன்.

கயிறு என்பது இப்போது பெயர் மட்டும்தான். குளியாளியின் மணிக்கட்டில் ஒரு வளையம். கீழே அதை இழுத்தால் பெட்டிக்கு ஒரு மணி கேட்கும். பெட்டி, மேலே கயிறு பிடிப்பவரின் இடுப்பு பெல்ட்டை வெடுக்கென்று இழுக்கும். ஆனால் பெல்ட்டை யார் கட்டுவது என்பது மாறவில்லை. மனைவியின் சகோதரன்தான் கட்ட வேண்டும். தன் அக்கா தங்கச்சியின் தாலி கையில் இருக்கும்போது எவனும் கவனம் தப்பமாட்டான் என்பது இந்தக் கரையின் கணக்கு. எங்கள் வீட்டில் பிலோமி அக்காவும் நானும் மட்டும்தான். சந்தியாகு அத்தானுக்கு இதுவரை சித்தப்பா மகன் மெர்வின் பிடித்தான். அவன் மாலத்தீவுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"கொழுந்தியா பிடிக்கிற கயிறா?" என்று படகு டிரைவர் மொத்தா அண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏல சந்தியாகு, நீ இழுக்கும்போது இவ பரீட்சைக்குப் படிச்சிட்டு இருப்பா."

"பரீட்சையில அவ பெயிலாகட்டும்ண்ணே. கயித்துல பாஸானா போதும்" என்றார் அத்தான்.

பெல்ட் எனக்குப் பெரிது. மொத்தா அண்ணனே ஆணியைச் சூடாக்கி இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

செவ்வாய்

செவுள் கழுவும் கொட்டகையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்குதான் அவளுக்கு வேலை. மாலையில் வந்து சேரும் செவுள்களை நல்ல தண்ணீரில் அலசி, மண்ணும் பாசியும் நீக்கி, நிழலில் விரிக்க வேண்டும்.

"அமலி, அந்தப் பெட்டியில நீ என்னதான்டி எழுதினே? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றாள்.

"ஷெரினுக்கு நீ தலை சீவும்போது தண்ணி லாரி ஹாரன் அடிக்கிறான். என்ன பண்ணுவே?"

"சீப்பை அவ தலையிலேயே சொருகிட்டுக் குடத்தைத் தூக்கிட்டு ஓடுவேன்."

"வந்ததும்?"

"சீப்பு நிக்கிற இடத்துலருந்து திரும்பச் சீவுவேன்."

"அவ்வளவுதான்க்கா. பெட்டி எப்பவும் செவுள் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். அதான் தலை சீவுறது. யாராவது கயிறு இழுத்தா அது ஹாரன். சீப்பை எங்க சொருகினோம்னு மறக்காம, ஓடிப்போய் என்னன்னு பாத்துட்டு, சீக்கிரம் திரும்பி வரணும். வர லேட்டானா செவுள் காத்துக்கிட்டு நிக்கும். அந்த ஓட்டத்தைத்தான் நான் எழுதினேன்."

அக்கா செவுளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "யாரு இழுத்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. தெரியாது என்பதுதான் பதில். எட்டு வளையங்களுக்கும் ஒரே மணி. சத்தம் கேட்டதும் பெட்டி ஒவ்வொரு உடையாக "நீயா, நீயா" என்று கேட்கும். கண்ணிமைப்பதற்குள் எட்டையும் கேட்டுவிடும். எந்த வளையம் இழுபட்டு நிற்கிறதோ அந்த உடை "நான்தான்" என்று ஒப்புக்கொள்ளும்.

"நம்ம பழைய காம்பவுண்டு வீடு மாதிரி" என்றாள் அக்கா. "அஞ்சு வீட்டுக்கும் வாசல்ல ஒரே பெல்லு. அடிச்சா எல்லாரும் எட்டிப் பாப்போம், எங்களுக்கு இல்ல, எங்களுக்கு இல்லன்னு."

"தெருப் பிள்ளைங்க அடிச்சிட்டு ஓடுவாங்களே, அப்ப என்னாச்சு?"

"வீட்டுக்கார அம்மா கடுப்பாகி வயரைப் பிடுங்கிப் போட்டுட்டா."

"பெட்டியும் அதையேதான் செய்யும். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, கேட்டா யாரும் நான்தான்னு சொல்லல, அப்படின்னா மணி கெட்டுப்போச்சுன்னு எடுத்துக்கிட்டு அந்த வழியை மூடிடும். இல்லேன்னா அது மணி பின்னாடியே ஓடி, செவுளைக் கவனிக்காம விட்டுடும். எல்லாக் கெர்னலிலும் இந்த விதி இருக்கு. எங்களுதுல அதை எழுதினது நான்."

பெருமையாகத்தான் சொன்னேன். பயிற்சித் தொட்டியில் ஆளில்லாத உடைகளை வைத்துச் சோதித்தபோது இந்த விதி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். மணி விடாமல் அடித்தது. எட்டுச் செவுள்களும் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொண்டு மூடின. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் எழுதினேன்.

அக்கா அடுத்த செவுளை எடுத்தாள்.

வியாழன்

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று இங்கே நடக்கிறது. இவர்கள் கயிற்றை விளையாட்டுக்கு இழுக்கிறார்கள்.

முறை இப்படி: இழுத்தால், மேலிருந்து பதில் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். மணிக்கட்டில் நீல விளக்கு மினுங்கியதும் விடலாம். ஆனால் மச்சான் மாப்பிள்ளைக்குள் முறையாவது ஒன்றாவது. காலையில் நல்ல சங்கு கிடைத்தால் ஒரு சுண்டு. மேலே மச்சான் சாப்பிட உட்காரும் நேரம் தெரிந்து ஒரு சுண்டு. சுண்டிவிட்டு உடனே விட்டுவிடுவார்கள். பெட்டி கேட்கும்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் மேலே இருப்பவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. பெட்டியின் திரையில் மணி துள்ளுவதைப் பார்த்ததும், "இது எங்க காதர் மச்சான்தான். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கரெக்டா சுண்டுறாரு பாரு" என்கிறான் அவருக்குக் கயிறு பிடிக்கும் அஜ்மல். காதர் மைதீன் ஆறாம் எண். இந்தப் படகில் மூத்த குளியாளி.

அத்தான் ஏழாம் எண். என்னைச் சீண்டவில்லை. மரியாதையா, இல்லை கொழுந்தியாளுக்குக் கயிறு புரியாது என்ற நினைப்பா என்று தெரியவில்லை. மத்தியானம்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது திரையில் மணி துள்ளியது. ஒரே ஒரு துள்ளல்.

"அது உனக்குத்தான்" என்றார் மொத்தா அண்ணன்.

சிரித்துவிட்டேன். நாள் முழுக்க நன்றாக இருந்தது. இந்தச் சுண்டல்கள், யாரும் ஏற்காத மணிகளின் எண்ணிக்கையில் சேருமே என்று மாலையில் தோன்றியது. வகுப்பில் கேட்கலாம் என்று நினைத்தேன். நாளொன்றுக்கு நாலைந்துதானே, இதைப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

சனி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். 

காலை பதினொன்றைத் தாண்டியிருக்கும். அஜ்மலின் பெல்ட் மூன்று முறை இழுபட்டது. மூன்று என்றால் வலம்புரி. அஜ்மல் எழுந்து கூவினான். கயிறு பிடிக்கும் மற்ற ஆறு பேரும் கூவினார்கள். மொத்தா அண்ணன் தொப்பியைக் கழற்றி, படகின் முன்பக்க அணியத்தைத் தட்டினார். வாழ்நாள் முழுக்கக் குளித்தும் வலம்புரியைக் கண்ணால் காணாதவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர்.

கீழே எட்டுப் பேருக்கும் தெரிந்துவிட்டது. எட்டுப் பேரும் தங்கள் மச்சான்களைச் சுண்ட ஆரம்பித்தார்கள். திரையில் மணி துள்ளிக்கொண்டே இருந்தது. அங்கிருந்த யாருக்கும் அது மணியாகத் தெரியவில்லை. கைதட்டலாகத்தான் தெரிந்தது. நானும் தட்டினேன்.

பிறகு திரையில் துள்ளல் நின்றது. படகும் அமைதியானது.

"ஆட்டம் முடிஞ்சுது. வேலையைப் பாக்கப் போயிட்டானுக" என்றான் அஜ்மல்.

எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. இவ்வளவு சந்தோஷம் இப்படித் துண்டாக நிற்காது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய வரிதான் நின்றது. மணியை யாரும் ஏற்கவில்லை, வழி மூடப்பட்டது.

அதற்குப் பக்கத்தில் ஒலி முள். பெட்டி கேட்பதை நிறுத்திவிட்டாலும் தண்ணீரில் மணி அடிப்பதை முள் காட்டும். அது இறங்கவே இல்லை. சுண்டல்கள் இன்னும் அதன்மேல் துள்ளிக்கொண்டிருந்தன. கீழே ஆட்டம் முடியவே இல்லை. ஆனால் அடியில் ஒரு மணி விட்டுவிட்டு அடிக்கவில்லை. நீளமாக, ஒரே சீராக ஒலித்தது.

வழி மூடிய பிறகு யாரோ ஒருவர் இழுத்துவிட்டு விடாமல் பிடித்திருக்கிறார்.

"அண்ணே, யாரோ பிடிச்சிட்டே இருக்காங்க."

"வளையம் சிக்கியிருக்கும். செவுள், இதயத் துடிப்பு எல்லாம் எட்டுப் பேருக்கும் சரியாத்தானே காட்டுது?"

காட்டியது. வலையில் கால் சிக்கியவனுக்கும் அதெல்லாம் சரியாகத்தான் காட்டும். கலங்கிய மண் செவுளை மெல்ல மெல்ல அடைத்து, பெட்டிக்கே தெரியவரும்போது மிச்சம் சில மூச்சுகள்தான் இருக்கும். இதை எனக்குச் சொன்னது அக்கா, செவுள் கழுவும்போது.

"எல்லாரையும் மேல கூப்பிட்டுடு" என்றார் மொத்தா அண்ணன். அவர் குரல் மாறியிருந்தது.

"ஏழு பேர் மேல வந்துட்டா எட்டாவது ஆளுக்குக் கைகொடுக்கக் கீழ யாரும் இல்லண்ணே. யாருன்னு தெரிஞ்சிட்டுத்தான் கூப்பிடணும்."

"அப்ப அந்த மூடின வழியைத் திற!"

திறந்தால் இத்தனை சுண்டலும் மொத்தமாகப் பெட்டிமேல் விழும். தொட்டியில் ஒட்டிக்கொண்ட எட்டுச் செவுள்களும் கண்முன் வந்தன. அன்று அந்த உடைகளுக்குள் ஆள் இல்லை.

ஒரே வழிதான் இருந்தது. மணியை நம்பாமல், நானே கையால் ஒவ்வொருவராகக் கேட்பது. ஒருவரைக் கேட்டதும் நிறுத்தி, செவுள்களுக்கு ஒரு சுற்று விட்டு, அடுத்தவரைக் கேட்க வேண்டும். பெட்டி கேட்கும் வேகத்தில் நடக்காது. ஒவ்வொருவருக்கும் நாலைந்து மூச்சு நேரம் ஆகும்.

என் விரல் முதலில் ஏழின்மேல் போனது.

அதை நான் மறைக்க விரும்பவில்லை. போனது, பிறகு எடுத்தேன். ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினேன். ஏழில் தொடங்கி அது இல்லை என்று வந்தால், அடுத்து யாரைக் கேட்பது என்று தடுமாறுவேன். ஒருவரைக் கேட்க மறந்தாலும் மறந்துவிடுவேன். எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. வரிசைமேல் இருந்தது.

ஒன்று: இல்லை. செவுள்கள் ஒரு சுற்று. இரண்டு: இல்லை. பின்னால் கயிறு பிடித்த ஏழு ஆண்களும் நெருக்கி நின்றார்கள். தன் எண் தாண்டியதும் ஒவ்வொருவரும் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. ஆறு: இல்லை. அஜ்மல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

ஏழு: ஆம்.

பாரில் எண் வரிசையிலேயே நடப்பார்கள். ஏழுக்கு இரு பக்கமும் இருந்த ஆறுக்கும் எட்டுக்கும் விளக்கை மூன்று முறை அடித்தேன். பக்கத்து ஆளிடம் போ என்று அர்த்தம். அதற்குள் ஆறாம் உடை நகரத் தொடங்கியிருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஏதோ இழுவைப் படகு விட்டுப்போன வலை. நீரோட்டத்தில் உருண்டு வந்து அத்தானின் காலையும் உடையின் அடிப்பகுதியையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. காதர் மைதீன் கத்தியால் அறுத்தார். அறுக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. இடுப்பிலிருந்த வலம்புரிப் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். கலங்கலில் அந்தப் பை போன இடம் தெரியவில்லை.

அத்தானை மேலே தூக்கும்போது நெஞ்சு ஏறி இறங்கியது. என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. மூக்கிலிருந்து மண் வழிந்தது.

ஞாயிறு

ஆஸ்பத்திரியில் அத்தான் கண் திறந்து பேசுகிறார். நுரையீரலின் அடிப்பகுதியில் மண் இறங்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். இந்தச் சீசனில் இறங்கக் கூடாது, அடுத்ததில் பார்க்கலாம்.

அக்கா வராண்டாவில் நின்றாள். மொத்தா அண்ணன் நடந்ததையெல்லாம் அவளிடம் புகழ்ந்து சொல்லியிருக்கிறார். ஒன்று, இரண்டு என்று நான் கேட்டதையும்தான்.

"ஒண்ணுலருந்தா கேட்டே?"

"ஆமா."

"நீ அவரு கயிறுதானே பிடிச்சே? மத்த ஏழு பேருக்கும் மச்சான் இருந்தான்ல, அவங்க அவங்க ஆளைப் பாத்துக்க? அவருக்கு அங்க உன்னை விட்டா யாரு?"

"அக்கா, எட்டுப் பேருல ஒவ்வொருத்தரும் யாரோ ஒருத்தியோட வீட்டுக்காரருதான்..."

"அது எனக்குத் தெரியும்டி. உனக்கு அவரு யாருன்னு கேட்டேன்."

என்னிடம் பதில் இருந்தது. வரிசை, தடுமாற்றம், எல்லாம். வராண்டாவில் நின்றுகொண்டு சொல்லும்போது அது பதில் மாதிரியே இல்லை. ஆறு பேரைத் தாண்டிப் போன நேரத்தில்தான் அந்த மண் இறங்கியிருக்கும். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. செவுள் கழுவுகிறவளுக்கு டாக்டர் சொல்ல வேண்டியதில்லை.

அவள் உள்ளே போய்விட்டாள். அக்கா மகள் ஷெரின் மட்டும் என்னிடம் வந்து பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டாள்.

புதன்

சங்கக் கூட்டம். வெளியூர்ப் பெட்டியையே மறுபடி வைத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குள்ளும் இதே விதி இருந்திருக்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்க யாராலும் முடிந்திருக்காது என்று ஜெரால்டு எழுந்து சொன்னான். அவன் கூட்டத்தில் பேசுவான் என்று நான் நினைக்கவே இல்லை. அதன் பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

அடுத்து, விளையாட்டுக்கு இழுப்பதைத் தடை செய்ய வேண்டும் என்றார் தலைவர். முன்வரிசையில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

காதர் மைதீன் எழுந்தார். "விளையாட்டுக்கு இழுத்துப் பழகின கைதான் ஆபத்துலயும் தானா அங்க போகும். தொடாதேன்னு சட்டம் போட்டீங்கன்னா, சாகக் கிடக்கும்போதும் ஒருத்தன் இழுக்கலாமா வேண்டாமான்னு யோசிப்பான். எங்களை நிறுத்தாதீங்க. பெட்டியைத் திருத்துங்க."

"வலம்புரியை விட்டுட்டு வந்த மனுஷன் பேச்சைக் கேக்கணுமா?" என்று அஜ்மல் கத்தினான். "எங்க அக்கா ரெண்டு நாளா சோறு போடல அவருக்கு!" சிரிப்பு அடங்க நேரமானது.

காதர் மைதீன் என் பக்கம் திரும்பினார். "விளக்கைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும். பெட்டி ஆளைக் கேக்கும்போதும் அதே விளக்குதான், ஆனா அந்த வேகத்துல மினுங்குறதே தெரியாது. அன்னைக்கு விளக்கு நின்னு எரிஞ்சுது. எனக்கு முன்னாடி அஞ்சாம் ஆளுக்கு, அதுக்கு முன்னாடி நாலாம் ஆளுக்கு. மேலருந்து யாரோ பேர் பேரா விசாரிக்கிறாங்கன்னு புரிஞ்சுது. ஏதோ சரியில்லன்னு உடனே அடுத்த ஆளைத் திரும்பிப் பாத்தேன்."

அதனால்தான் நான் சொல்லும் முன்பே ஆறாம் உடை நகர்ந்திருக்கிறது.

மாலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அத்தானிடம் இதைச் சொன்னேன். அக்கா கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பாத்தேன்" என்றார். பேசினால் இருமல் வருகிறது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். "முதல்ல இழுத்தேன். பதில் இல்ல. இன்னும் இழுத்தேன், இல்ல. மேல எல்லாரும் வலம்புரிக்கு ஆடிட்டு இருக்கீங்கன்னு தெரியும். பயம் வந்துருச்சு. உதைச்சு இழுத்து எப்படியாவது வெளிய வந்துரலாம்னு காலை மடக்கினேன். அப்பதான் கலங்கல்ல தூரத்துல ஒரு நீல வெளிச்சம். அணைஞ்சுது. கொஞ்சம் இந்தப் பக்கமா இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. அமலி வரிசையா வாரான்னு தெரிஞ்சு போச்சு. அவ ஒண்ணை விட்டு ஒண்ணைத் தாண்ட மாட்டா. அப்படின்னா எனக்கு வந்தே தீரும்னு உதைக்கிறதை நிறுத்திட்டேன்."

"உதைச்சிருந்தா?" என்றேன்.

பதில் சொன்னது அக்கா. ஆரஞ்சிலிருந்து கண்ணெடுக்காமல், "செவுள் கிழிஞ்சிருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. சுளைகளை அத்தானுக்குக் கொடுத்தாள். எனக்குத் தரவில்லை.

வெள்ளி

பெட்டியைத் திருத்திவிட்டோம். இனி யாரும் ஏற்காத மணி என்று வழியை மூட நேர்ந்தால், மூடிய கையோடு பெட்டி தானே ஒவ்வொருவராக, விளக்கு நின்று எரியும்படி மெதுவாகக் கேட்டுக்கொண்டு வரும். யாராவது சுண்டிவிட்டு விட்டாலும் எட்டுப் பேருக்கும் ஒரு பதில் போகும், "கேட்டது" என்று. வேம்பாரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான்தான் திறந்து காட்டினேன். இந்த முறை ஓரமாக நிற்கவில்லை.

மாலை வகுப்பில் ரஞ்சனி மேடம் எங்கள் திருத்தத்தைப் பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

பிலோமி அக்கா.

கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவைக் கரை ஈரம். "புதுசா சேரலாமா?" என்று மேடத்திடம் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை. மேடம் உட்காரச் சொன்னார். கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

நான் எழுந்து அவளிடம் போனேன். "அக்கா, உனக்கு எதுக்கு இது? நான் சொல்லித் தரமாட்டேனா?"

"உன்கிட்ட வேண்டாம்" என்றாள். "நீ செஞ்சது தப்புன்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல. அதை நானே பாத்துத் தெரிஞ்சுக்கணும். போ, போய் உக்காரு."

வந்து உட்கார்ந்தேன். மேடம் தொடர்ந்தார். ஒருவரைக் கேட்பது, செவுளுக்கு ஒரு சுற்று விடுவது, அடுத்தவரைக் கேட்பது. எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து அக்காவின் குரல்.

"மேடம், அன்னைக்கு ஒரு ஆள்தான் பிடிச்சிருந்தாரு. நாலு பேரு ஒரே நேரத்துல விடாம பிடிச்சிருந்தா?"

"வரிசைப்படிதான்மா" என்றார் மேடம்.

"நாலு பேரும் உள்ள கிடக்காங்க. கைகொடுக்க ரெண்டு பேர்தான் பக்கத்துல இருக்காங்க. அப்பவும் ஒண்ணுலருந்துதானா?"

ஜெரால்டு திரும்பினான். "அதுக்கு முன்னுரிமை எண் கொடுக்கலாம்க்கா. யாருக்கு அவசரமோ அவங்களுக்குச் சின்ன எண்."

"அந்த எண்ணை யாரு போடுவா? கரையில உக்காந்துக்கிட்டு, யாரும் இறங்குறதுக்கு முன்னாடியே போடுவீங்களா? எந்த வீட்டுக்காரரு முதல்ல, எந்த வீட்டுக்காரரு கடைசின்னு?"

ஜெரால்டு பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.  நான் என் நோட்டில் அந்தப் பகுதியைத் தேடினேன், அப்படி ஒரு பகுதியே இல்லை என்று தெரிந்தும். இரண்டு வருடத்தில் பதினோரு பேரில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

மேடம் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் திருத்தத்தை, அம்புக்குறிகளோடு, பலகையிலிருந்து முழுதாக அழித்தார். வெறும் பலகையில் அக்கா கேட்டதை அவள் வார்த்தைகளிலேயே எழுதினார். அந்த எண்ணை யாரு போடுவா?

"யாரு அது?" என்று ஜெரால்டு என்னிடம் கிசுகிசுத்தான்.

அவள் கடைசி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. நாளைக்கும் திரும்புவாளா என்று தெரியாது.

"எங்க அக்கா" என்றேன். கிசுகிசுக்கவில்லை; வகுப்புக்கே கேட்கும்படி சொன்னேன்.